அம்மா ஏசாத ஆறு கிழமை

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம். அதில் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். அன்றைக்குக் கிடைத்த ஏதாவது ஒரு நன்மைக்கு ஒவ்வொருவரும் வாய் திறந்து ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. எட்டு வயதில் எனக்கு இது பெரிய கொடுமை. சோறு, மழை, பள்ளிக்கூட லீவு எல்லாம் முதல் கிழமையின் ஏழு நாளிலேயே தீர்ந்துபோயின. அண்ணன் கெட்டிக்காரன். பல்லுக்கு ஒரு நாள், நகத்துக்கு ஒரு நாள் என்று தன் உடம்பைப் பிரித்துப் பிரித்தே மாதக்கணக்கில் ஓட்டினான்.

அம்மா வாய் திறந்தால் வாவியின் அக்கரைக்கும் கேட்கும் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அந்தக் குரலில் பெரும்பங்கு எனக்கே வந்து சேரும். ஒரு நாள் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டி அம்மா பேசாமல் படுத்திருந்தார். அன்றிரவு என் முறை வந்தபோது, “அம்மா இண்டைக்கு ஏசாததுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்றேன். முறைக்கப் போன அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் ஜெபம் எதற்கும் அதுவரை அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை.

அடுத்த மாதம் அம்மாவின் கழுத்தில் இருந்த கழலையை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். வீடு திரும்பிய அம்மாவுக்கு வாய் அசைந்தது. காற்று மட்டும்தான் வந்தது. கதிரவெளியிலிருந்து சின்னம்மா தினமும் போன் எடுப்பார். கேட்டுக்கொண்டிருப்பதற்கு அடையாளமாக அம்மா போனில் நகத்தால் இரண்டு தரம் தட்டுவார். எங்களைக் கூப்பிடுவதற்கு அகப்பையால் சட்டி மூடியில் தட்டுவார். அண்ணனுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. ஞாயிறு பாடசாலையில் படிப்பித்த அக்கா அடிக்கடி சொல்வார்: “நன்றி சொல்லுற பிள்ளைக்கு ஆண்டவர் அதையே இன்னும் கூடத் தருவார்.” நான் நன்றி சொன்னேன். அவர் கூடத் தந்துவிட்டார். நடந்தது இதுதான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் தைரியம் வரவில்லை.

ஒரு பின்னேரம் அப்பா சின்னம்மாவோடு போனில் கதைப்பது காதில் விழுந்தது. “ஆறு கிழமைக்குள்ள வராட்டி இனிச் சத்தம் வாறது கஷ்டமாம். டொக்டர் அப்பிடித்தான் சொல்றார்.” ஏற்கனவே மூன்று கிழமை போயிருந்தது.

அன்றிலிருந்து ஜெபத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொன்றைச் சொல்லப்போய் அது எங்கே கொண்டுபோய் விடுமோ, யார் கண்டது. அப்பா காத்திருப்பார். கறி ஆறிப்போகும். “சோத்துக்கெண்டாலும் ஒருக்காச் சொல்லு மகள்” என்பார். பிடிவாதம் என்று நினைத்து அண்ணன் தொடையில் நுள்ளுவான். நான் தலையை நிமிர்த்தவே மாட்டேன்.

ஜெபத்தால் கெட்டதைக் குழப்படியால் சரிப்படுத்தலாம் என்று எனக்குப் பட்டது. தாங்க முடியாத கோபம் வந்தால் அம்மா ஏசித்தானே ஆக வேண்டும். இடித்து வைத்த சம்பலைக் கோழிகளுக்குப் போட்டேன். பள்ளிக்கூடச் சட்டையில் மை ஊற்றினேன். அம்மா கையை ஓங்குவார், வாய் அசையும், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஐந்தாவது கிழமையும் முடிந்தது.

இனி மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் வளவுக்குப் பின்னால் வாவி. அங்கே மாமாவின் தோணி கட்டியிருக்கும். முதலை நடமாடும் இடம். தோணியில் காலே வைக்கக் கூடாது என்பது வீட்டுக் கட்டளைகளில் முதலாவது. பொழுது சாயும் நேரம் நான் அதில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன். கரையோரமாகவே நிற்கும் என்றுதான் நினைத்தேன். காற்று அதை இழுத்துக்கொண்டு போனது.

அம்மா கரைக்கு ஓடி வந்தார். கூப்பிடு தூரத்தில் ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வலை வீசிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து அம்மா வாயைத் திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. ஒன்றும் வரவில்லை. கையைத் தட்டினார்; காற்றில் அதுவும் கேட்கவில்லை. நானாவது கத்தியிருக்கலாம். பயத்தில் எனக்கும் சத்தம் எழவில்லை. நாங்கள் இருவரும் வாயைத் திறந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் நிதானமாக வலையை உதறி மீனைப் பொறுக்கினார்.

அம்மா உடுத்த உடுப்போடு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு, நெஞ்சளவு, பிறகு கழுத்துத் தழும்பு வரைக்கும். பின்னால் இழுபட்டு வந்த கயிற்றின் நுனி அவர் கையில் அகப்பட்டது. கரைக்குக் கொண்டுவந்து என் முதுகில் இரண்டு போட்டார். உடனே கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்போதும் அவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அன்றிரவு என் முறைக்கு நான் காத்திருக்கவில்லை. “அம்மா ஏசாததுக்கு அண்டைக்கு நன்றி சொன்னன் ஆண்டவரே. அது பகிடிக்குச் சொன்னது. அத அழிச்சிடுங்க” என்றேன். பாதி அழுகையில் போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. அப்பா ஆமென் சொல்ல மறந்துவிட்டார். அம்மா என் பீங்கானைத் தன் பக்கம் இழுத்து மீனில் முள் எடுக்கத் தொடங்கினார். எனக்கு முள் எடுக்கத் தெரியும். ஆனாலும் அவர் எடுத்து வைத்ததைச் சாப்பிட்டேன்.

ஆறாவது கிழமை, சனிக்கிழமை காலை. அப்பா முற்றத்தில் சவரம் செய்துகொண்டிருந்தார். அடுப்பெரியும் குசினிப் பக்கமிருந்து கரகரத்த ஒரு குரல் வந்தது.

“கிணத்தடியில செருப்பக் கழட்டிப் போட்டது ஆரு?”

அப்பா பாதி முகத்தில் நுரையோடு ஓடி வந்தார். “என்ன சொன்ன நீ?”

“செருப்பு. நடுவழியில கிடக்கு. இவள்தான்.”

“கேக்கல்ல. இன்னொருக்காச் சொல்லு.”

அம்மா என் குற்றத்தை முதலிலிருந்து முழுதாகச் சொன்னார். அப்பா மூன்றாம் தரமும் “கேக்கல்ல” என்றார்.

நான் பாய்ந்துபோய்ச் செருப்பை எடுத்து வைத்தேன். அம்மாவின் சத்தம் வந்ததில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் அப்பாவைப் பார்க்கப் பார்க்க ஒரு புதுப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவின் குரலைத் திருப்பித் தந்த ஆண்டவர், பதிலுக்கு அப்பாவின் காதை எடுத்துவிட்டாரே. அன்றிரவு என் முறை வந்தபோது நான் நன்றி சொல்லவில்லை. அப்பாவுக்குத் திரும்பவும் காது கேட்க வேண்டும் என்று, அவருக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில், மெல்லிய குரலில் மன்றாடினேன். பக்கத்தில் இருந்த அப்பா “ஆமென்” என்றார். அதை எப்படிச் சரியான இடத்தில் சொன்னார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.