விழாத கோடு விழுந்த காலை

தொப்பூர் கணவாய்க்குக் கீழே, லாரிகள் இறங்கி வந்து மூச்சு வாங்குகிற டீக்கடையில்தான் அந்த போன் வந்தது. மாமியார் வூட்டிலிருந்து கிளம்பி, தருமபுரியில் ஒரு கல்லூரியில் பேசப் போய்க்கொண்டிருந்தேன். காரை ஓட்டி வந்தது மனைவி. என் மடியில் லேப்டாப். அதற்குள் என் புகழ்.

புகழ் என்றால் ஒரே ஒரு கோடு. நானும் பெங்களூரு ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் அம்மையாரும் வருஷக்கணக்கில் ஒரு மீக்கடத்தியோடு மல்லுக்கட்டுகிறோம். நன்றாகக் குளிர்ந்துவிட்டால் தடையே இல்லாமல் மின்சாரத்தை ஓடவிடும் பொருள். அதைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து, ரேடியோ அலையால் அணுக்கருவைத் தட்டி, அது எந்த அதிர்வெண்ணில் பதில் சொல்கிறது என்று கேட்பதுதான் எங்கள் பிழைப்பு. சாதாரண மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் எதிரும் புதிருமாக ஜோடி சேரும். குளிரக் குளிர, பதிலை வரைந்த கோடு சரியும். எங்கள் பொருளில் சரியவே இல்லை. அப்படியானால் இங்கே ஜோடிகள் ஒரே திசையைப் பார்க்கின்றன, அபூர்வ ரகம் என்று கட்டுரை எழுதினோம். இதழும் ஏற்றுக்கொண்டது. கல்யாணப் பந்தியில்கூட அந்தக் கோட்டை நாலு பேருக்குக் காட்டியிருக்கிறேன்.

"சார், தட்டுற பல்ஸைச் சின்னதாக்கிப் பார்த்தேன். கோடு விழுதுங்க" என்றார் அம்மையார்.

பிறகு ஏதோ நீளமாகச் சொன்னார். "சரிங்க, சரிங்க" என்றேன். காதில் ஒன்றும் ஏறவில்லை. முதல் வரியிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எங்கள் தட்டலிலேயே பொருள் சூடாகி, மீக்கடத்தும் நிலையை விட்டு ஒரு கணம் வெளியே வந்திருக்கிறது. பக்கத்திலிருந்த வெப்பமானிக்கு அந்தச் சூடு எட்டவில்லை. தூங்குகிற பிள்ளையை உலுக்கி, தூங்குறியா என்று கேட்டு, இல்லை என்ற பதிலைக் கண்டுபிடிப்பென்று அச்சுக்கு அனுப்பியிருக்கிறோம்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி கிளாஸைக் கீழே வைத்தாள்.

"யாராச்சும் போயிட்டாங்களாங்க?"

"கோடு போயிடுச்சு."

அவள் மறுபடி கிளாஸை எடுத்துக்கொண்டாள்.

கணவாய் ஏறும்போது நான் திட்டாதது பாக்கியில்லை. வெப்பமானியைத் திட்டினேன், பொருளைக் குளிர வைக்கும் ஹீலியத்தைத் திட்டினேன், காலையில் ஊற்றிய மாமியாரின் ஊத்தப்பம்கூடத் தப்பவில்லை. எதிரே இறங்கிய லாரிகளின் பிரேக் தீய்ந்த வாடை. அவை என்னைவிட நிதானமாக இறங்கின. பழைய கோட்டையே காட்டிவிட்டு வந்துவிடலாமா, நாளைக்குச் சொன்னால் ஆகாதா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"பொய் சொல்லப் போறீங்களா, அசிங்கப்படப் போறீங்களா? அரங்கத்துல முன்னாடி உக்கார்றதா பின்னாடி உக்கார்றதான்னு நான் பாக்கணுமில்ல" என்றாள்.

மேடைத் திரையில் கோடு வந்தது. என் லேசர் புள்ளி அதன்மேல் நிற்காமல் தவளையாகக் குதித்தது. முன்வரிசைப் பேராசிரியர் அதையும் விளக்கமென்று நினைத்துத் தலையாட்டினார். அவர் தலையாட்டியதுதான் தாங்கவில்லை. இந்தக் கோடு தப்பு, காலையில்தான் தெரிந்தது, நாங்களே சூடாக்கிக் கெடுத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அப்போ ஜோடி எந்தப் பக்கம்தான் பார்க்குதுங்க என்று பேராசிரியர் கேட்டார். இனிமேல்தான் பார்க்கணுங்க என்றேன்.

வெளியே வந்ததும் தியாகி போலக் குரலைக் கனமாக்கி அம்மையாருக்குப் போன் போட்டேன். கட்டுரையை நிறுத்திவிடலாம், நான் முடிவெடுத்துவிட்டேன் என்றேன்.

"அதான் காலையிலயே கேட்டேனே சார், நிறுத்தச் சொல்லி இதழுக்கு எழுதட்டுமான்னு. சரிங்க, சரிங்கன்னீங்க. அப்பவே எழுதிட்டேன்."

வாசலில் மனைவி கார் சாவியோடு நின்றிருந்தாள். நான் மேடை ஏறும் முன்பே போய், கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்துவிட்டாளாம்.