வான் சரிந்த வளைவு

மகளுக்குக் கல்யாணம் பேசும் ஸ்ரௌவ்வில் ஊர் மாப்பிள்ளை குடும்பத்தோடு, ரொறன்ரோவிலிருந்து மேற்கே றொக்கி மலை பார்க்கப் போய், அங்கே எல்லாரும் ஏற ஒரு வாடகை வான் எடுத்திருந்தோம். "அப்பா, ப்ளீஸ், அவையளுக்கு முன்னால சிரிப்புக் காட்டி ஒரு பகிடியும் விடாதேங்கோ" என்று மகள் கெஞ்சியிருந்தாள்.

ஒரு வளைவில் வான் சரிந்தது. கீழே பச்சை ஏரி. முன்னால் போன லொறியின் டீசல் மணம் மூக்கில் ஏறியதும், நான் நெடுந்தீவு வள்ளத்தில் சின்னப் பெடியனாக இருந்தேன். உப்புத்தண்ணீர் முகத்தில் தெறிக்கும். கருவாட்டுக் கடகக் கூடைகளுக்கிடையில் பெரிசுகள் வெற்றிலை மெல்லுவார்கள். வள்ளம் சரிந்தால் அப்பா கத்துவார்: "எல்லாரும் மற்றப் பக்கம் பாயுங்கோ!"

நானும் அப்படியே கத்தி, சீற் பெல்ற்றைக் கழற்றிப் பாய்ந்தேன். போய் விழுந்தது மாப்பிள்ளையின் அம்மாவின் மடியில்.

"அண்ணை, இப்ப வான் இந்தப் பக்கம் சரியுது. நான் எங்கை பாயிறது?" என்றார் அவர்.

வானே சிரித்தது. மகள் மட்டும் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.