ரூபனுக்கு ஒரு விலாசம்

இந்த நாட்டில் சண்டைக்குச் சத்தம் கிடையாது. புல்தரையில் ஓர் அட்டையை நட்டுவிட்டால் போதும். நம் ஊரில் ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் சுவரில் எழுதுவோம், மைக் கட்டுவோம், டீக்கடையில் நாலு பேர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவோம். மறுநாள் அதே நாலு பேர் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். இங்கே காலையில் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போகும்போது பார்க்கிறேன், எதிர்வீட்டு பில் வழக்கம்போலக் கையை உயர்த்தி "மார்னிங்!" என்கிறார். அவர் காலடியில், கம்பியில் செருகிய அட்டை ஒன்று: 'எங்கள் ஊரில் முகாம் வேண்டாம்'. இரண்டு வீடு தள்ளி இன்னோர் அட்டை: 'எல்லோரும் வருக'. அட்டைக்காரர்கள் இருவரும் மாலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது ஒருவருக்கொருவர் புன்னகைத்துக்கொள்கிறார்கள், வானிலையைப் பற்றிப் பேசுகிறார்கள். அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இத்தனை வருடம் கழித்தும் இந்த ஊமைச் சண்டை எனக்குப் பழகவில்லை.

முகாம் என்று அவர்கள் சொன்னது முகாமே அல்ல. டெக்சாஸில், ரவுண்ட் ராக்கிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது எங்கள் சின்ன நகரம். அங்கே ஒரு தேவாலயத்தின் பின்னால், பாதிரியார் குடியிருந்த பழைய வீடு ஒன்று சும்மா கிடந்தது. எல்லையில் பிடிபட்டு, அடைக்கலம் கேட்டு, தடுப்பு மையத்திலிருந்து வெளியே வருகிறவர்கள் வழக்கு முடியும்வரை தங்குவதற்கு அதைக் கொடுக்கலாம் என்று தேவாலயத்தார் நினைத்தார்கள். அதற்கு நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் அந்த மாதங்களில் தொலைக்காட்சியைத் திறந்தாலே படகுதான். ஃப்ளோரிடா பக்கம் கடலில் படகு, எங்கள் டெக்சாஸ் பக்கம் ஆற்றில் காற்றடைத்த ரப்பர் படகு. படகில் இருந்தவர்களின் முகத்தை யாரும் அருகில் போய்க் காட்டவில்லை. ஹெலிகாப்டரிலிருந்து தலைகளை மட்டும் காட்டினார்கள்.

அந்தத் தலைகளில் ஒன்றின் பெயர் எங்களுக்குத் தெரியும். ரூபன். மன்னார் தீவில் பேசாலைக்காரன், மீன்பிடிக் குடும்பம். தேவாலயத்துக்காக இலவசமாக வழக்குப் பார்க்கும் கரோல் என்ற வழக்கறிஞருக்குத் தமிழ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. என் மனைவி ஃபரீதாவின் பல் மருத்துவமனைக்கு அவர் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவர், பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மாலை, எங்கள் சமையலறை மேசையில் ஸ்பீக்கர் போனில் ரூபனின் குரல் ஒலித்தது. ஊரை விட்டு ஏன் ஓடினான் என்பது அவன் வழக்கு, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. தென்னமெரிக்காவரை விமானம், பிறகு காடு, வளைகுடாவைக் கடக்க ஒரு படகு, கடைசியில் ஆற்றைக் கடக்க ஒரு ரப்பர் மிதவை. "அக்கா, நான் கடலுக்க வளந்தவன். ஆனா அந்தப் படகில ஏறினாப் பிறகுதான் தண்ணியப் பாத்துப் பயந்தனான்" என்றான் ஒருநாள் ஃபரீதாவிடம். வழக்கு முடியும்வரை அவனை வெளியே விட நீதிபதி சம்மதித்துவிட்டார். ஆனால் எங்கே தங்குவான் என்று ஒரு விலாசம் காட்ட வேண்டும். கரோல் நம்பியிருந்தது அந்தப் பாதிரியார் வீட்டை. நகர மன்றம் கைவிரித்தால் ரூபன் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

எங்கள் தமிழ்க்கூட்டம் இதில் ஒன்றாக நின்றது என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுத வரவில்லை. வாட்ஸ்ஆப் குழுமத்தில் அடிதடி. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஞாயிற்றுக்கிழமை பாட்லக்கில் என் நண்பன் சேகர், கையில் தயிர்சாதத் தட்டோடு என்னைப் பிடித்துக்கொண்டான். சேகர் அம்பத்தூர்க்காரன், என்னோடு ஒரே டீமில் வேலை செய்தவன். கிரீன் கார்டுக்காகக் காத்திருந்து தலை நரைத்தவன்.

"பாய், நான் சொல்றது தப்பா? எவ்ளோ வருஷமா லைன்ல நிக்கிறேன்? வேலை போச்சுன்னா ரெண்டு மாசத்துல மூட்டை கட்டணும். என் பையன் இங்கேயே வளந்தவன், அவனுக்கு இருபத்தொண்ணு ஆச்சுன்னா ஏஜ் அவுட், என் விசால இருக்க முடியாது. அவன் எங்க போவான்? நம்மள லைன்ல நிக்க வெச்சுட்டு இன்னொருத்தருக்குக் கதவத் தொறந்தா, வயிறு எரியாதா?"

எரியும்தான். ஃபரீதாதான் சொன்னாள்: "சேகர்ண்ணே, உங்க லைன் லேட்டாகுறதுக்குக் காரணம் அந்தப் பையன் இல்லண்ணே. அவன் உங்க லைன்லயே இல்ல." சேகர் சிரிக்கவில்லை. "தெரியும் சிஸ்டர். தெரிஞ்சாலும் எரியுது" என்றான். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

எனக்கு இந்த விவாதம் புதிதல்ல. நான் கீழக்கரைக்காரன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, இலங்கையில் போருக்குத் தப்பியவர்களோடு எங்கள் கரைக்குப் படகுகள் வந்தன. படகோட்டிகள் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டுகளில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நம் மீனவர்கள் போய் அழைத்து வருவார்கள். அங்கிருந்து மண்டபம் அகதி முகாமுக்கு. எங்கள் ஊர் ஜமாஅத்தில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். எத்தனை பேரைத் தாங்க முடியும், எத்தனை நாளைக்கு, யார் என்று தெரியாமல் எப்படி என்று இப்போது இங்கே கேட்கிற அத்தனை கேள்வியும் அன்றே எங்கள் ஊரில் கேட்கப்பட்டுவிட்டது. ஆனால் ஆண்கள் பேசி முடிப்பதற்குள் தெருவுக்குத் தெரு பெண்கள் உலை வைத்துவிட்டார்கள். நெய்ச்சோறும் கறியும் வேனில் ஏறின. கூடவே என் உம்மாவும் நானும்.

அங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்றைச் செய்தோம். எங்கள் பக்கம் விருந்து என்றால் சஹன். பெரிய வட்டத் தட்டு, அதில் சோறு, சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். கல்யாணத்திலும் அப்படித்தான். முகாமிலும் அப்படியே பாய் விரித்துச் சஹன்களை வைத்துவிட்டு, வாங்க வாங்க என்று கூப்பிட்டோம். அவர்களோ ஆளுக்கொரு அலுமினியத் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்தவர் கைபட்ட சோற்றை எப்படிச் சாப்பிடுவது என்று அவர்களுக்குக் கூச்சம். வந்தவர்களை இப்படிச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று எங்களுக்கு வெட்கம். பிறகு குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் வந்து என் உம்மாவுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான், பாய் நிறைந்துவிட்டது.

நகர மன்றக் கூட்டம் நோன்பு மாதத்தில் வந்தது. அரங்கு நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். பேச விரும்புகிறவருக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். பச்சை விளக்கு எரியும், நேரம் முடிந்தால் சிவப்பு. ஃபரீதாவின் முறை வர வெகு நேரமாகும் என்று தெரிந்தது, நோன்பு திறக்கும் நேரமும் நெருங்கியது. உள்ளே சாப்பாடு கூடாது என்று வாசலில் எழுதியிருந்தார்கள். பார்க்கிங் ஓரப் புல்லில் பாய் விரித்து, ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த நோன்புக் கஞ்சியைக் குடித்துவிட்டு, நானும் ஃபரீதாவும் எங்கள் மகள் ஹனாவும் சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். அந்தத் தட்டு கீழக்கரையிலிருந்து பெட்டியின் அடியில் படுத்து வந்தது. ஹைஸ்கூலில் படிக்கும் ஹனாவுக்கு இது பொது இடத்தில் செய்கிற காரியமா என்று ஒரே கூச்சம். பாதிச் சாப்பாட்டில், காற்று வாங்க வெளியே வந்த பில் எங்களைப் பார்த்துவிட்டார்.

"ஓ, நைஸ்! பஃபேயா?" என்றார். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு வைப்பது இங்கே வழக்கம்தான். நான் வாயைத் திறப்பதற்குள், வடைக்காக வைத்திருந்த காகிதத் தட்டு ஒன்றை எடுத்து, ஸ்பூனால் எங்கள் சஹனின் நடுவிலிருந்து, ஹனாவின் கை இருந்த இடத்திலிருந்தே, தாராளமாக அள்ளிக்கொண்டார். ஃபரீதா ஒரு கறித்துண்டையும் அவர் பக்கம் தள்ளிவிட்டு, "ப்ளீஸ்" என்றாள். நின்றபடியே சாப்பிட்டார். "காரம். ரொம்ப நல்லாயிருக்கு" என்று ஆங்கிலத்தில் பாராட்டிவிட்டு உள்ளே போனார்.

"ஓ மை காட், ம்மா! ஹி ஜஸ்ட் ஏட் ஃப்ரம் நம்ம பிளேட்!" என்று ஹனா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சாப்பிடட்டும். இனிமே அவரு நம்ம சஹன்ல சாப்பிட்ட ஆளு. என்ன பேசினாலும் கோவப்பட முடியாது" என்றாள் ஃபரீதா.

பில் பேசினார். எங்கள் சாப்பாட்டை வாயாரப் புகழ்ந்துவிட்டு, மனிதர்கள் மேல் தனக்கு வெறுப்பில்லை என்றும், ஆனால் இது சின்ன ஊர், பள்ளிக்கூடம் சின்னது, வேண்டாம் என்றும் முடித்தார். சோறு மனத்தை மாற்றிவிடும் என்று நினைப்பதெல்லாம் நம் பக்கத்து ஆசை. சேகரும் பேசினான். தன் வரிசையைப் பற்றி, மகனைப் பற்றி. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு ஆதரவாகத் தன்னால் பேச முடியவில்லை என்றான்.

பிறகு ஃபரீதா எழுந்தாள். வேலைக்குப் போட்டுப்போகும் அதே முக்காடு, அதே செருப்பு. கையில் குறிப்பு எதுவும் இல்லை. தன் ஊரும் படகு வந்த ஊர்தான் என்றாள். நீங்கள் கேட்கிற கேள்விகளை எங்கள் ஊரும் கேட்டது, கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் நாங்கள் வந்தவர்களுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் வாதாடினோம் என்றாள். இன்று ஒரு பையனுக்குத் தேவைப்படுவது இந்த நாடு முழுவதும் அல்ல, கடிதம் வந்து சேர ஒரு கதவு என்றாள். அடுத்த வாக்கியத்தின் நடுவில் சிவப்பு விளக்கு எரிந்தது. கெஞ்சவில்லை, இன்னும் ஒரு நிமிடம் என்று கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு நேராக வந்து உட்கார்ந்தாள். இந்த நாட்டில் நான் வாங்கிய வீடு, கார், பதவி உயர்வு எதற்கும் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் "என் மனைவி" என்று சொன்னேன். அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

மன்றம் அனுமதி மறுத்தது.

பார்க்கிங்கில் கரோல் காருக்கு அருகே தலைகுனிந்து நின்றார். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள யாராவது தங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்துப் பொறுப்பேற்றால்தான் உண்டு என்றார். ஃபரீதா என்னைப் பார்த்தாள். நாங்கள் குடியுரிமை வாங்கியவர்கள்தான். ஆனால் விசாவில் வாழ்ந்த வருடங்கள் உடம்பை விட்டுப் போவதில்லை. போலீஸ் காரைக் கண்டால் ஒழுங்காகப் போகும்போதும் வேகத்தைக் குறைக்கிற ஆள் நான். என் பெயருக்கு முன்னால் ஒரு 'முகம்மது' வேறு இருக்கிறது. அரசாங்கம் என் விலாசத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதே நலம் என்றுதான் இத்தனை காலம் ஓட்டினேன்.

"என்னங்க யோசிக்கிறீங்க? மாடி ரூம் சும்மாதானே கிடக்குது" என்றாள்.

நான் யோசித்தேன் என்பது உண்மை. கொடுத்தேன் என்பதும் உண்மை. சேகர் சற்றுத் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "பாய், எனக்கு அந்த ரைட் இல்ல. இருந்தா நானே குடுத்திருப்பேன்னு சொல்ல மாட்டேன், பொய்யாயிடும். ஆனா லாங் டிரைவ், தனியாப் போகாதீங்க. நான் டிரைவ் பண்றேன்" என்றான். சொன்னபடி வந்தான். தெற்கு டெக்சாஸின் முட்புதர்க் காட்டுக்கு நடுவே அந்த நீண்ட சாலை முழுக்க அவன்தான் ஓட்டினான். முழுக்க முழுக்கக் கிரிக்கெட்தான் பேசினான்.

தடுப்பு மையத்தின் வாசல் அறையில் ரூபன் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றிருந்தான். தொலைபேசியில் கேட்ட குரலுக்கு நான் கற்பனை செய்ததைவிடக் குள்ளமாக, சின்னவனாக. "அண்ணா" என்றான், நான் அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி அவனைப் பார்த்து, வீடு எங்கே என்று கேட்டார். ரூபன் நிமிர்ந்து நின்று, எங்கள் வீட்டு எண், தெருப் பெயர், ஊர், டெக்சாஸ் என்று பேசாலை உச்சரிப்பில் தடங்கலே இல்லாமல் ஒப்பித்தான். உள்ளே இருந்தபோது ஃபரீதா போனில் சொல்லிக்கொடுத்தது. நான் எத்தனையோ கவுண்டர்களில் சொல்லிச் சலித்த வரிதான் அது. அவன் வாயில் அது புதிதாக ஒலித்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அண்ட் யூ, சார்? வேர் இஸ் ஹோம்?"

கையில் டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, சட்டைப்பையில் அமெரிக்கப் பாஸ்போர்ட் இருக்கிறது. என் வாய் தானாகச் சொன்னது: "கீழக்கரை."

அவர் புருவத்தை உயர்த்தினார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் திருத்திச் சொல்வதற்குள் ரூபன் அவசரமாக ஓர் அடி முன்னால் வந்து, என்னைக் கைகாட்டினான்.

"சேம் ஹவுஸ், மேடம்" என்றான்.