பெட்ராவுக்கு முன்னால் எமில்டா

புலம்பெயர்ந்து நாங்கள் குடியிருக்கும் ரூஜ் புறநகரில், எங்கள் பக்கத்து வீட்டு எமில்டா அக்கா நெடுந்தீவுக்காரி. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றே வளர்ந்தவர். புருஷன் செத்தபிறகு பக்கத்து மார்க்கம் நகரில் அலுவலகங்கள் துடைத்து மகன் றொய்சனைப் படிக்கவைத்தார். அவன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த ஒரு புத்தகத்தில்தான் பெட்ராவைக் கண்டார். யோர்தான் பாலைவனத்தில் மலையைக் குடைந்து ஆக்கிய நகரம். அதை ஆண்ட நபாத்தியர் வியாபாரச் சனம். ஒட்டகத்தில் சாம்பிராணி ஏற்றி விற்றவர்கள், பாறையில் வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்தவர்கள்.

"மாளிகையை விடு பிள்ளை, அந்த வாய்க்காலை ஒருக்காத் தொட்டுப் பாக்கவேணும்" என்பார் என்னிடம். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை.

போன வருடம் மாதா கோயில் சனத்தோடு பைபிள் நாடுகளுக்குத் திருநாட்டு யாத்திரை போனார்கள். றொய்சன், அவன் மனைவி பேர்ணடெற், கைக்குழந்தை, அக்கா. பெட்ராவும் பயணத்தில் இருந்தது. வாசலிலேயே வெயில் தாங்காமல் குழந்தை வீரிட்டது.

"அம்மா, நீங்கள் பிள்ளையோட இருங்கோ. நாங்கள் கெதியாப் பாத்திட்டு வாறம். பிறகு நீங்கள் போகலாம்" என்றான் றொய்சன்.

மற்றவர்களும் சும்மா போகவில்லை. "அன்ரி, உந்தப் பையையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று தங்கள் பைகளை அவர் காலடியில் குவித்துவிட்டுப் போனார்கள். குனியக் குனியக் குட்டுகிற சனம். படமெடுத்து அலுத்துத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது, பஸ் புறப்பட நின்றது. அக்கா உள்ளே ஓரடி வைக்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குடும்பப் படத்தில் இல்லாதவரை ஸ்ரூடியோவில் சொல்லி ஒட்டிவிடுவோம். றொய்சனின் கல்யாணப் படத்திலும் செத்துப்போன தகப்பன் கோட் போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அதே ஸ்ரூடியோவில், பெட்ராவின் தூண்களுக்கு முன்னால் தாயையும் ஒட்டி, சட்டம் போட்டு, அவரின் பிறந்தநாளுக்குக் கொடுத்தான். வந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்களும் உள்ள வந்த மாதிரியே இருக்கல்லோ, அம்மா?"

அக்கா கண்ணாடியைப் போட்டு அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தார்.

"ஓம் தம்பி. அப்பாவுக்குப் பக்கத்தில மாட்டிவிடு. ஒட்டின ஆக்கள் ரெண்டு பேரும் ஒண்டா இருக்கட்டும்."