நல்லகாமனின் இடது கன்னம்

திருமங்கலம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே இருந்த பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் எங்கள் ஜின்னிங் ஆலையில் நான் ஆஜர் எழுதும் ரைட்டராக 1926 முதல் வேலை பார்த்தேன். நல்லகாமன் அங்கே மூட்டை தூக்குகிறவராக எனக்கு முன்பே சேர்ந்தவர். கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரர். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பார்.

1931 மார்ச் 17-ம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு அடுத்த தெரு ஆலையில் பஞ்சுக் கிடங்கு பற்றிக்கொண்டது. யாரோ அணைக்காமல் போட்ட பீடித் துண்டு என்றார்கள். பஞ்சில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் மூன்று பேர் வெளியே வரவில்லை. கதவை உடைத்து உள்ளே போனவர்களில் நல்லகாமனும் ஒருவர். அங்கே பார்த்ததை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே மடியில் இருந்த பீடிக் கட்டைக் கிணற்றில் போட்டார்.

பஞ்சு உள்ள இடத்தில் புகைபிடிப்பதும் நெருப்பு கொண்டுவருவதும் சட்டப்படி அதற்கு முன்பும் குற்றம்தான். விதி அச்சடித்த தகடு வாசலில் துருப்பிடித்துத் தொங்கியது. தீக்குப் பிறகு எங்கள் ஆலைக்கும் வந்த தொழிற்சாலை இன்ஸ்பெக்டர், தகடு போதாது, ஆள் நின்று சோதிக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். ஏப்ரல் முதல் தேதி நல்லகாமன் வாசல் காவலர் ஆனார்.

காலை ஆறு மணிக்கு அவர் முன்னால் வரிசை நிற்கும்.

"நெருப்பு மடியில இல்லண்ணே, வயித்துலதான் இருக்கு" என்பான் காளை. அரவை மிஷினில் பருத்தி போடுகிறவன். வாய் ஓயாதவன்.

"வயித்து நெருப்புக்குச் சட்டம் கெடையாது. மடியை அவுரு."

"பொண்டாட்டிகூட இம்புட்டுச் சோதிக்க மாட்டாண்ணே."

"அவ சோதிச்சிருந்தா நீ உருப்பட்டிருப்ப, மாப்ள."

பீடிக்கு ஏங்கியவர்களுக்கு நல்லகாமன் தாமே ஒரு வழி காட்டினார். இடுப்பில் சுருக்குப்பை வைத்திருப்பார். அதிலிருந்து விரல் நுனி அளவு புகையிலை கிள்ளிக் கொடுத்து, "கன்னத்து ஓரமா ஒதுக்கிக்க. தீயும் இல்ல, பொகையும் இல்ல. சட்டமும் ஒண்ணும் சொல்லாது" என்பார். பஞ்சில் எச்சில் கறை பட்டால் வியாபாரிகள் பேல் கட்டிய பஞ்சுப் பொதியைத் தள்ளிவிடுவார்கள் என்பதால் ஆலைக்குள் துப்பவும் கூடாது. ஆகவே சாற்றை விழுங்கப் பழகினார்கள். அவர் சொல்லிப் பீடியை விட்டவர்கள் முப்பத்தொரு பேர். முதல் ஆள் காளை. நல்லகாமனுக்கு விழித்திருக்கும் நேரமெல்லாம் இடது கன்னத்தில் புகையிலை இருந்தது. தூக்கத்திலும் இருந்தது என்று அவர் மனைவி ஒச்சாயி பின்னால் சொன்னாள்.

1936-ல் ஊர்த் திருவிழாவுக்கு மூன்று நாள் போனார். அவருக்குப் பதிலாக நின்றவன் யாரோ ஒருவனைத் தீப்பெட்டியோடு உள்ளே விட்டுவிட்டான். ஒரு பேல் கருகியதோடு தப்பியது. அதற்குப் பிறகு நல்லகாமன் பருத்தி சீசனில் லீவு எடுத்ததில்லை.

1938 தை மாதத்தில் அவர் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்ததை நான் பார்த்தேன். புகையிலையோடு சேர்க்கும் சுண்ணாம்பு வெந்த புண் என்றார். அடுத்த ஆண்டு பங்குனியில் அவர் தூக்குப் போணியில் வெறும் கஞ்சிதான் வந்தது. வெங்காயம் இல்லை, மிளகாய் இல்லை.

"காரம் படுதா?" என்று கேட்டேன்.

"பட்டா என்ன, ரைட்டரய்யா. போயிலையை அது மேலயே வெச்சா நோவு கேக்குது."

அவர் சொன்னது பொய்யில்லை. வைத்த இடம் மரத்துப்போகும். மரப்பு விட்டதும் வலிக்கும். வலித்ததும் இன்னும் கொஞ்சம் வைப்பார்.

1939 ஏப்ரல் 24, திங்கட்கிழமை. நானே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஹாலாஸ்யம் கடைத்தெருவில் சிறிய வைத்தியசாலை வைத்திருந்தார். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். விரலை விட்டு அமுக்கினார். கழுத்தைத் தடவினார்.

"இது புண் இல்லை. இந்த வாரமே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போ. அந்த இடத்தை வெட்டி எடுப்பா. இப்போன்னா பொழைச்சுக்கலாம். கழுத்துல கட்டி எறங்கிடுத்துன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. புரியறதா? அந்தப் புகையிலையை இங்கயே துப்பிட்டுப் போ."

நல்லகாமன் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "சீசன் முடியட்டும், சாமி" என்றார்.

"சீசன் எப்போ முடியும்?"

"ஆடியில."

"அதுக்கு முன்னாடி இது முடிச்சுடும்" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது அவரிடம் லீவு விண்ணப்பத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டேன். "தேதி போட்றாதீய. நான் சொல்லும்போது போடலாம்" என்றார். போடவில்லை. மறுநாள் காலையில் வாசலில் அவர் இடது கன்னம் புகையிலையால் மறுபடி உப்பியிருந்தது.

ஒச்சாயி ஆலைக்கே வந்தாள். வாசலில் நின்று, "அந்தத் தீயில செத்தவுகளுக்காக நீ சாகணுமா? வேற ஆம்பள இல்லையா இந்த ஊருல?" என்று கேட்டாள். அவர் அடுத்த ஆளின் மடியைத் தடவினார். மானேஜர் ராஜாராமனிடம் நான் சொல்லியிருக்கலாம். மே மாதம் ஒரு முறை அவர் அறை வாசல்வரை போனேன். திரும்பிவிட்டேன்.

அந்த வருஷம் பருத்தி பிந்தி வந்தது. ஆடி பாதியிலும் வண்டிகள் நின்றன. தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவு ஒன்று தெரிந்த பிறகுதான் அவர் தேதி போடச் சொன்னார். ஆகஸ்ட் 2. டாக்டர் சொன்ன நாளிலிருந்து நூறாவது நாள்.

பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அறுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் அவர் தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். சுருக்குப்பை இல்லை. பேச்சும் பாதி போய்விட்டது. மடியைத் தடவியபின், ஒவ்வொருவனையும் வாயைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். புகையிலை இருந்தால் தம் விரலாலேயே தோண்டி எடுத்துச் சாக்கடையில் எறிந்தார்.

நான்காம் நாள் முப்பது பேர் மானேஜரிடம் போனார்கள். "மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரி பாக்குறாரு, சார்" என்றான் காளை.

ராஜாராமன் என்னைக் கூப்பிட்டு விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். நெருப்பு, தீப்பெட்டி, பீடி, சுருட்டு, விளக்கு. வாய்க்குள் இருக்கும் புகையிலை பற்றி ஒரு வரியும் இல்லை. இரண்டு தடவை படித்தேன்.

"அப்போ நிறுத்தச் சொல்லிடும்" என்றார்.

நான்தான் போய்ச் சொன்னேன். நல்லகாமன் தலையசைத்தார்.

மறுநாள் வரிசையில் காளை வந்தபோது அவன் இடது கன்னம் மேடாக இருந்தது. நல்லகாமன் அவன் மடியைத் தொடவில்லை. தாடைத் துணியை மெதுவாக அவிழ்த்தார். கன்னத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாகப் பல் தெரிந்தது.  காளை ஓரமாகப் போய்த் துப்பினான். தொட்டித் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தான். "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அதன் பிறகு நல்லகாமன் எட்டு நாள் வந்தார். பிறகு படுத்துவிட்டார். நவம்பர் 9-ம் தேதி போய்ச் சேர்ந்தார்.

அந்த எட்டு நாளும் காளை வரிசையில் வந்தான். காவலர் நிற்பது வருகிறவர்களின் இடது கைப் பக்கம். காளையின் இடது கன்னம் ஒட்டியே இருந்தது. ஆஜர் எழுதும் என் மேஜை எதிர்ப்பக்கம். நான் இருந்த இடத்திலிருந்து அவன் வலது கன்னம் மேடாகத் தெரிந்தது.