மாதாவுக்குப் பால் வரலியா, டீச்சர்?

என் மகன் அழவே மாட்டான். வந்தவர் போனவரிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அழுவதற்கு அவனுக்குத் தெம்பில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஆரோக்கிய அன்னையின் பிள்ளைகளே, இதை எழுதும் என் பெயர் ரோஸ்லின். மந்தைவெளியில் இருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள். எதிலும் முந்திக்கொள்கிற சுபாவம். கர்ப்பமாக இருந்தபோதே தாய்ப்பால் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துத் தள்ளினேன். படித்ததோடு விட்டேனா? கேட்காதவர்களுக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். "டின் பால் வாசனைகூட என் பிள்ளைக்குத் தெரியாது, பாருங்க" என்று வளைகாப்பில் உட்கார்ந்துகொண்டு சவால் விட்டவள் நான்.

போன வருடம் பெசன்ட் நகர் மாதா கோயிலில் கொடியேறிய வாரம் அவன் பிறந்தான். ஆபரேஷன். ரத்தம் நிறையப் போய்விட்டது. காவி உடுத்தி ஜனங்கள் கோயிலுக்கு நடந்து போகிற நாட்கள் அவை. மாதா கொடுத்த பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆரோக்கியராஜ் என்று பெயர் முடிவு செய்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் பால் மட்டும் வரவில்லை. பிழிந்தால் ஏதோ சில சொட்டு. அவ்வளவுதான்.

என் மாமியார் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர். நல்ல பால் சுறாவாகப் பார்த்து எடுத்துவந்து புட்டு செய்து போட்டார். "துன்னு, துன்னு. எங்க குப்பத்துல இத்த துன்ட்டு ரெட்டப் புள்ளைக்குப் பால் குடுத்தவளுங்கோ கீறாளுங்கோ." காலையில் சுறா, மதியம் சுறா, கூடவே கைப்பிடி பூண்டு. என் நைட்டியெல்லாம் சுறா வாசனை. "பால் வருதோ இல்லியோ, நீ சீக்கிரம் நீந்தப் போற ரோஸி" என்று என் கணவர் வின்சென்ட் கிண்டல் செய்தார். சிரித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன்.

அப்போதுதான் நான் அதைச் செய்தேன். மாதா படத்துக்கு முன்னால் நின்று நேர்ந்துகொண்டேன். "அம்மா, இவனுக்கு என் பால் மட்டும்தான். நீங்க குடுக்கிற வரைக்கும் வேற எதையும் இவன் வாயில வைக்க மாட்டேன்."

அதை விசுவாசம் என்று நினைத்தேன். இப்போது எழுதக் கை கூசுகிறது. நேர்ந்துகொண்டவள் நான். பட்டினி கிடந்தவன் அவன்.

"இன்னாமா, துணி ஈரமே ஆவல? கொயந்த கத்தவும் காணோம்?" என்று மாமியார் கேட்டார்.

"சமத்துக் குழந்தை, அத்தை."

"சமத்தா? எங்க வூட்டுல எவன்மா சமத்து?" என்று தன் மகனைப் பார்த்தார். மூவரும் சிரித்தோம். பக்கத்தில் அவன் கண் மூடிக் கிடந்தான். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை எழுப்பினால் எழவில்லை. மார்பில் வைத்தால் வாய் திறக்கவில்லை. முகம் மஞ்சளாக இருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அட்மிஷன் போட வின்சென்ட்டும் மாமியாரும் கவுண்டருக்குப் போக, நான் குழந்தையோடு டாக்டர் முன்னால் நின்றேன். அந்தம்மா அவன் உள்ளங்காலைச் சுண்டினார். அவன் முகம் சுருங்கியது. சத்தம் வரவில்லை.

"இது தூக்கம் இல்லம்மா. பசி மயக்கம். எடை ரொம்ப எறங்கியிருக்கு. இங்க தாய்ப்பால் வங்கி இருக்கு. மத்த அம்மாங்க குடுத்தது, டெஸ்ட் பண்ணி, பக்குவப்படுத்தி வெச்சிருக்கோம். உடனே குடுக்கணும். சரியா?"

சரி என்று சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு நிமிஷம் டாக்டர், ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை!

கண்ணை மூடினேன். மாதா, ஒரு அடையாளம் காட்டுங்கள் என்று கேட்டேன். வந்தது பிரின்ஸியின் குரல்.

பிரின்ஸி என் மறைக்கல்வி வகுப்பில் படிக்கும் சின்னப் பெண். ஒருநாள் வேளாங்கண்ணிப் புதுமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பால் கொண்டுபோகிற பையன் குளத்தங்கரையில் படுத்திருக்கிறான். கையில் குழந்தையோடு மாதா வந்து, என் பிள்ளைக்குக் கொஞ்சம் பால் தா என்று கேட்கிறார். அவன் கொடுக்கிறான். பிறகு குறைந்த குடம் பொங்கி வழிகிறது. பொங்குகிற இடத்தில் நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவேன். அப்போது பிரின்ஸி எழுந்து கேட்டாள்: "மாதாவுக்குப் பால் வரலியா, டீச்சர்? ஏன் அந்தப் பையன்கிட்ட கேட்டாங்க?"

வகுப்பே சிரித்தது. "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது, உக்காரு" என்று அதட்டிவிட்டேன்.

அந்தக் கேள்விதான் திரும்பி வந்தது. எந்தத் தாயிடம் பிடிவாதம் பிடித்தேனோ, அந்தத் தாயே தன் பிள்ளைக்காக முன்பின் தெரியாத ஒருவனிடம் கை நீட்டியவர். வருடா வருடம் பொங்கிய குடத்தையே காட்டிக்கொண்டிருந்தேன். நீட்டிய கையை நான் பார்க்கவே இல்லை.

"குடுங்க டாக்டர். யாரோடதா இருந்தாலும் குடுங்க."

நர்ஸ் பாலாடைக் கிண்ணத்தின் மூக்கை அவன் உதட்டில் வைத்துச் சாய்த்தார். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு ஒரு மடக்கு. இன்னொன்று. அவன் தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு அம்மாவின் பால். பெயர் கேட்டேன், சொல்ல மாட்டோம் என்றார்கள்.

சாயங்காலம் அடுத்த வேளைக்கு நேரமானபோது அவன் வாயைத் திறந்து வீறிட்டான். வராந்தாவிலிருந்து மாமியார் கத்திக்கொண்டே ஓடிவந்தார்: "டேய் வின்சென்ட்டு, கத்துறான்டா! எங்க வூட்டுப் புள்ளடா இது!"

ரத்தம் போனதால் பால் ஊறத் தாமதமாகிறது, அது உன் குற்றமில்லை என்று டாக்டர் சொன்னார். அடிக்கடி மார்பில் போட்டும், பம்ப் வைத்து எடுத்தும் மெல்ல ஊறியது. முழுசாக இல்லை, பாதி வயிற்றுக்கு. மீதிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த டின் பால். அந்த வாசனை இப்போது என் மகனுக்கு நன்றாகத் தெரியும். கொழுகொழுவென்று இருக்கிறான்.

மாதாவுக்கு நன்றி. குடம் பொங்கவில்லை, ஆனால் என் பிள்ளை பிழைத்தான். அவனைக் காயப்போட்ட குற்ற உணர்ச்சி மட்டும் போகவில்லை. அவன் சிரிக்கும்போதுகூடச் சுருக்கென்கிறது. அதை வைத்துக்கொண்டேதான் பெயர் தெரியாத அந்த அம்மாவுக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். யாருக்கும் பாடம் எடுத்து வாட்ஸப் அனுப்புவதில்லை.

வகுப்புக்குத் திரும்பிய அன்று பிரின்ஸியிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் விடவில்லை. "அப்ப மாதாவுக்கு நெஜமாவே பால் வரலியா, டீச்சர்?"

"தெரியாதுடா கண்ணு. ஆனா பிள்ளைக்காக அவங்க கேட்டாங்க."

பால் போதாமல் தவிக்கிற அம்மா யாராவது இதை வாசித்தால், ஜெபியுங்கள். ஜெபித்த கையோடு டாக்டரிடம் ஓடுங்கள். வாய் திறந்து கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால், குளத்தங்கரையில் குழந்தையோடு நிற்கும் அந்தத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறார்.