முட்டைப் படம்

ஹைமவதி டீச்சருக்கு இப்போதெல்லாம் போனைப் பார்த்தாலே குலை நடுங்குகிறது. ஆந்திராவில் சாலூர்ப் பக்கத்து மலையடிவாரப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். பாவம், பாதி நாள் போட்டோ பிடிக்கிறாள். கழுவின கக்கூஸுக்கு ஒன்று, தட்டில் வைத்த முட்டைக்கு ஒன்று, காலில் மாட்டிய ஷூவுக்கு ஒன்று. விரலை அழுத்தியதும் படம் மேலிடத்துக்குப் போய்விடும். படம் சரி என்று பச்சைக் குறி விழும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. தூக்கத்தில் போன் அதிர்ந்ததாக நினைத்து எழுந்து உட்காருவாள். வீட்டுக்காரர் கேட்டால், வாயுத் தொல்லை என்று சொல்லிவிடுவாள்.

அன்று மதியம் தலைமையாசிரியர் நூகராஜு வியர்த்துக் கொட்டியபடி வந்தார்.

"மேடம், நேத்து முட்டை போட்டோ மங்கலா இருந்துச்சாம். இன்னிக்கும் அப்படின்னா ரெண்டு பேருக்கும் மெமோதானாம். ரிட்டயர் ஆகப்போற நேரத்துல என்னைக் காப்பாத்துங்க, தாயே."

ஹைமவதி போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். வராந்தாவில் தட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து, "படம் எடுக்கறவரைக்கும் யாரும் சாப்பிடக் கூடாது, அசையவும் கூடாது. அசைஞ்சா தொலைச்சிடுவேன்!" என்று கத்தினாள். அவசரத்தில் முதல் படம் கெட்டது. இரண்டாவதும் கெட்டது. மறுபடி போனைத் தூக்கினால், மூலையிலிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி பைடியின் தட்டில் முட்டையைக் காணோம்.

"எங்கடி உன் முட்டை?"

பைடி வாய் திறக்கவில்லை. பிடித்து வைத்தது போல உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் பிதுங்கியது, உதடு கறுத்துக்கொண்டு வந்தது. ஹைமவதி அதைத் திரையில்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே விரலை அழுத்தினாள்.

"டீச்சரம்மா! பிள்ளைக்குத் தொண்டைல அடைச்சிருச்சு!"

சமையல்காரி சிம்மாசலம் கரண்டியை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். பைடியைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். முட்டை தரையில் வந்து விழுந்தது. பிள்ளை மூச்சை இழுத்து அலறியது.

"போனை வச்சிட்டுப் பிள்ளையைப் பிடிங்கம்மா! உங்களுக்கென்ன பேய் பிடிச்சிருக்கா?"

போன் கையிலிருந்து நழுவியது. ஹைமவதி அப்படியே உட்கார்ந்து பைடியை மடியில் இழுத்துக்கொண்டாள். மெமோ பயம் எங்கோ போய்விட்டது. இப்போது தன்னைக் கண்டே அவளுக்குப் பயமாக இருந்தது. எதிரே ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது படம் எடுத்த கை அல்லவா இது?

பசி தாங்காமல் யாருக்கும் தெரியாமல் முட்டையை வாயில் போட்டுக்கொண்ட பைடி, விக்கி விக்கி டீச்சர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் அசையவே இல்ல, டீச்சர். சமையல் ஆயாதான் என்னை அசைச்சுட்டாங்க. போட்டோ கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போகவில்லை. தரையில் கிடந்த போனில் பச்சைக் குறி விழுந்திருந்தது.